மலிவு விலைச் சிறிய எஸ்யூவி வாங்கத்தக்கதா? சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

சிங்கப்பூரில் ‘மலிவு விலை எஸ்யூவி’ என்று விற்கப்படும் ஒரு வண்டியின் விலைச்சீட்டு கைக்கு வந்ததும், அந்தத் தொகையில் வண்டிக்கு எவ்வளவு போகிறது, வாகன உரிமைச் சான்றிதழுக்கும் வரிக்கும் எவ்வளவு போகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. இருக்கையின் துணியையும் திரையின் அளவையும் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நம் ஊரில் மலிவான வண்டி என்பதன் பொருள் மற்ற ஊர்களில் உள்ளதைப் போன்றதன்று. அந்த வேறுபாட்டை உணராமல் வாங்குபவர்கள்தாம், மிச்சம் பிடித்தோம் என்று எண்ணிக்கொண்டு, பத்தாண்டுகளுக்கு இடவசதியும் பாதுகாப்பும் குறைந்த வண்டியோடு காலம் தள்ளுகிறார்கள்.

ஒரு வண்டி துறைமுகத்தில் வந்து இறங்கும்போது சுங்கத்துறை அதற்கு விதிக்கும் மதிப்பையே ஓஎம்வி, அதாவது பொதுச் சந்தை மதிப்பு என்கிறோம். அதன்மீது 20 விழுக்காடு சுங்கத் தீர்வையும், இரண்டையும் கூட்டி வரும் தொகைமீது 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் விழுகின்றன. அதற்கு மேல் கூடுதல் பதிவுக் கட்டணம் வருகிறது. ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு அது 100 விழுக்காடு, அடுத்த 20,000 வெள்ளிக்கு 140 விழுக்காடு. இவற்றோடு, ஒரு வண்டியைப் பத்தாண்டு வைத்திருக்க ஏலத்தில் பெற வேண்டிய, 1990ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழின் விலையும் விற்பனையாளரின் இலாபமும் சேர்கின்றன.

இப்போது இரண்டு வண்டிகளை ஒப்பிடுவோம். ஒன்றின் ஓஎம்வி 16,000 வெள்ளி, மற்றதன் ஓஎம்வி 20,000 வெள்ளி என்று கொள்ளுங்கள். தீர்வை, வரி, கூடுதல் பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் முதல் வண்டி 36,928 வெள்ளிக்கும் இரண்டாவது 46,160 வெள்ளிக்கும் வந்து நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே பிரிவுச் சான்றிதழ்தான். அது 100,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 136,928 வெள்ளிக்கும் 146,160 வெள்ளிக்கும் இடையில்தான் தேர்வு. ஏறத்தாழ ஆறு விழுக்காடு குறைவாகக் கொடுக்கிறோம். ஆனால் துறைமுகத்துக்கு வந்த பொருளின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறோம். அந்த ஐந்தில் ஒரு பங்கில்தான் பக்கவாட்டுக் காற்றுப்பைகளும், தானியங்கி அவசர பிரேக்கும், பின்னிருக்கைக் குளிர்காற்றுத் துளைகளும், நல்ல டயர்களும் இருக்கின்றன. சான்றிதழின் விலை இந்த உயரத்தில் இருக்கும்வரை, ஆக மலிவான வண்டியைத் தேடுவதைவிட அதற்கு ஒரு படி மேலே உள்ளதைத் தேடுவதே பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியானது என்பது என் உறுதியான கருத்து.

அதே வேளையில், 20,000 வெள்ளி என்ற கோட்டைத் தாண்டும்போது கவனம் தேவை. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, ஓஎம்வி 20,000 வெள்ளிக்குள் இருந்தால் வாங்கும் விலையில் 70 விழுக்காடு வரையிலும், அதற்கு மேல் போனால் 60 விழுக்காடு வரையிலும் மட்டுமே கடன் கிடைக்கும். கடனை அதிகபட்சம் ஏழு ஆண்டுகளில் அடைக்க வேண்டும். விலை 165,000 வெள்ளியானால், கோட்டுக்குக் கீழே முன்பணம் 49,500 வெள்ளி, கோட்டுக்கு மேலே 66,000 வெள்ளி. ஓஎம்வி 20,300 என்று வரும் ஒரு வண்டிக்காகக் கூடுதலாக 16,500 வெள்ளி ரொக்கம் புரட்ட வேண்டிவரும்.

வண்டி எந்தச் சான்றிதழ்ப் பிரிவைச் சேர்ந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் மிகாத பெட்ரோல் வண்டி ஏ பிரிவு. இரண்டில் ஒன்று மிஞ்சினாலும் பி பிரிவு. மின்வண்டிக்கு அந்த வரம்பு 110 கிலோவாட். ஒரே பெயரில் இரண்டு இயந்திர வகைகள் விற்கப்படும்போது, சில கிலோவாட் வேறுபாடு பல்லாயிரம் வெள்ளியாக மாறிவிடக்கூடும்.

வாங்கும் நேரமும் வண்டியின் தேர்வுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. ஏ பிரிவுச் சான்றிதழ் 2023 அக்டோபரில் 106,000 வெள்ளிக்குப் போனது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் 65,010 வெள்ளிக்கு இறங்கியது. மூன்று மாதத்துக்குள் ஏற்பட்ட இந்த 40,990 வெள்ளி வேறுபாடு, சிறிய எஸ்யூவிகளுக்கு இடையே நாம் தலையை உடைத்துக்கொள்ளும் எந்த வேறுபாட்டையும்விடப் பெரியது. ஏலம் மாதம் இருமுறை நடக்கிறது. கையில் ஓடும் வண்டி இருந்து, அதன் சான்றிதழுக்கு இன்னும் ஓராண்டு மீதமிருந்தால், சில ஏலங்களைப் பொறுமையாகக் கவனித்துவிட்டு முடிவெடுக்கலாம். அதற்காக, விலை இறங்கும் என்று யாரேனும் அடித்துச் சொன்னால் நம்பிவிடக் கூடாது.

ஒரு நாளைக்கு என்ன செலவு?

விலையை ஆண்டுக் கணக்காக மாற்றினால்தான் உண்மை தெரியும். 165,000 வெள்ளி வண்டியைப் பத்தாண்டு வைத்திருந்தால், பதிவை நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் தள்ளுபடியை இப்போதைக்கு விட்டுவிட்டால், ஆண்டுக்கு 16,500 வெள்ளி தேய்மானம். 100,000 வெள்ளி கடன், ஏழு ஆண்டு, 2.5 விழுக்காடு வட்டி என்றால் வட்டி மட்டும் 17,500 வெள்ளி. பத்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1,750. இங்கே ஒரு விவரத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த 2.5 விழுக்காடு முழுத் தொகைமீது கடைசிவரை கணக்கிடப்படுவது. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கருத்தில் கொண்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 4.7 விழுக்காடு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மாதத்துக்கு 110 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 1,320. 1,500 சிசி வண்டிக்குச் சாலை வரி சுமார் 684 வெள்ளி. காப்புறுதிக்கு 1,500, பராமரிப்புக்கு 800, மின்னியல் சாலைக் கட்டணத்துக்கும் வெளியிடங்களில் நிறுத்துவதற்கும் 1,500 என்று நான் ஒதுக்குகிறேன். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடி, நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 780 லிட்டர் பெட்ரோல் வேண்டும், லிட்டர் 2.80 வெள்ளி என்றால் 2,184 வெள்ளி. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 26,238 வெள்ளி, அதாவது சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 72 வெள்ளி. 20 வெள்ளி வாடகைக்கார்ப் பயணம் நாளுக்கு மூன்றரை முறை போவதற்குச் சமம் இது. உங்கள் குடும்பத்தின் எண்களை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு அருகில் எம்ஆர்டி இருந்து, வார இறுதியில் மட்டுமே வண்டி தேவைப்படும் குடும்பத்துக்கு எந்த எஸ்யூவியும் வாங்கத்தக்கதன்று என்றே இந்தக் கணக்கு சொல்லும். அதை ஏற்றுக்கொள்ள மனம் வேண்டும். இரவுப் பணிக்குச் செல்பவர்கள், நடக்க இயலாத பெற்றோரை மாதம் பலமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்கள், மூன்று பிள்ளைகளை மூன்று திசைகளில் விடவேண்டியவர்கள் ஆகியோருக்குக் கணக்கு வேறு.

பத்தாண்டு முடிவதற்குள் பதிவை நீக்கினால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் அதன் விகிதமும் உச்சவரம்பும் வண்டி பதிவுசெய்யப்பட்ட காலத்தைப் பொறுத்தவை. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் 60,000 வெள்ளி உச்சவரம்பு கொண்டுவரப்பட்டதுபோல் விதிகள் மாறுகின்றன. ஆகவே பழைய வண்டியின் கணக்கைப் புதியதற்குப் பொருத்தாமல், நீங்கள் பதியும் தேதிக்கு எந்த அட்டவணை பொருந்தும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்

லெங் கீ சாலையிலோ உபியிலோ உள்ள காட்சிக்கூடத்துக்குத் தனியாகப் போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவது போதாது. நாங்கள் வண்டி பார்த்தபோது, மூட்டுவலி உள்ள என் அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். ஒரு வண்டியில் அவர் கதவுத் தூணைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார்; வாசற்படி அகலமாக இருந்ததால் இரண்டாவது கால் இடித்தது. “ஏறிடலாம்டா, எறங்கத்தான் யோசிக்கணும்” என்றார். வெளியிலிருந்து பார்க்க அந்த வண்டிதான் உயரமாகவும் கம்பீரமாகவும் இருந்தது. அன்றே அதைப் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

அகலத்தை அளந்து பாருங்கள். இங்கே கார் நிறுத்தும் கட்டம் 2.4 மீட்டர் அகலம். ஹோண்டா எச்ஆர்-வி 1.79 மீட்டர் அகலமுள்ளது. நடுவில் நிறுத்தினால் இருபுறமும் முப்பது சென்டிமீட்டர்தான் மிஞ்சும். டொயோட்டா ரைஸ் 1.695 மீட்டர் அகலமும் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் கொண்டது. கதவைத் திறக்க இடம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் உள்ளே மூவர் தோளோடு தோள் உரசுவார்கள். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்குப் பொருத்தமான குழந்தை இருக்கை சட்டப்படி வேண்டும் என்பதால், உங்கள் வீட்டு இருக்கையையே எடுத்துப் போய்ப் பொருத்திப் பாருங்கள். அதைப் பின்னோக்கி வைத்தபின் முன்னிருக்கையில் இருப்பவரின் முழங்கால் எங்கே இடிக்கிறது? இரண்டு இருக்கைகள் வைத்தால் நடுவில் பாட்டி உட்கார முடியுமா? தள்ளுவண்டியும் தேக்காவில் வாங்கிய பத்துக் கிலோ அரிசி மூட்டையும் காய்கறிப் பைகளும் பின்பெட்டியில் ஒன்றாக அடங்குமா?

ஓட்டிப் பார்க்கும்போது ஆட்களை நிரப்பிக்கொண்டு பலமாடி நிறுத்துமிடச் சரிவில் ஏற்றுங்கள். சிறிய இயந்திரமும் சிவிடி வகைத் தானியங்கிப் பற்சக்கரப் பெட்டியும் கொண்ட வண்டிகள் தனியாள் ஓட்டும்போது துள்ளும். ஐந்து பேர் ஏறியதும் முனகத் தொடங்கும். விரைவுச்சாலையில் சேரும்போதும் அதே குறை தெரியும். பிற்பகல் இரண்டு மணி வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியாகக் கேட்டு, குளிர்காற்று பின்னிருக்கைக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேருகிறது என்று பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

பாதுகாப்பில் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயருள்ள வண்டி ஜப்பானுக்கு ஒரு விதமாகவும் தென்கிழக்காசியாவுக்கு வேறு விதமாகவும் தயாராவது உண்டு. மோதல் சோதனை நடத்தும் ஆசியான் என்கேப்போ யூரோ என்கேப்போ கொடுத்த நட்சத்திரங்கள் சோதிக்கப்பட்ட அந்த வகைக்கே உரியவை. உங்களுக்கு விற்கப்படும் வண்டியில் எத்தனை காற்றுப்பைகள், அவசர பிரேக் உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். அதிகாரபூர்வ முகவரிடம் வாங்காமல் இணை இறக்குமதியாளரிடம் வாங்குவதாக இருந்தால், உத்தரவாதத்தைக் கொடுப்பது யார், உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்பவையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

மலேசியாவின் ஜோகூருக்கு அடிக்கடி போகும் குடும்பங்கள் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடி வழியாக முக்கால் தொட்டிப் பெட்ரோலோடுதான் வெளியேற வேண்டும், அங்கே 95 ரகப் பெட்ரோல் வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்கப்படுவதில்லை என்பதால், ‘அங்கே நிரப்பிக்கொள்ளலாம்’ என்று செலவைக் குறைத்துப் போட வேண்டாம்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தில் சான்றிதழ் உத்தரவாதமானதா, உத்தரவாதமற்றதா என்பது முதல் கேள்வி. உத்தரவாதமற்ற ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்ட நான், அடுத்தடுத்த ஏலங்களில் சான்றிதழ் கிடைக்காமல் காத்திருந்து, கடைசியில் மேலும் சில ஆயிரம் வெள்ளி கேட்கப்பட்டபோதுதான் அந்தச் சொல்லின் பொருளை முழுமையாக உணர்ந்தேன். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. தாளில் இருந்ததை நான் கேட்கவில்லை. எத்தனை ஏலங்களில் பங்கெடுப்பார்கள், எந்தச் சான்றிதழ் விலையை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள், ஏல விலை அதற்குக் கீழே போனால் வேறுபாடு யாருக்கு, மேலே போனால் யார் கட்டுவது, கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்புமா ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும். அவர்களிடமே கடன் வாங்கினால்தான் இந்த விலை என்றால், கடன் இல்லாத விலையையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓரிரவு வைத்திருந்து, நாளொன்றுக்கு எவ்வளவு என்ற கணக்கை வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து மீண்டும் ஒருமுறை போட்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.