கேம் பள்ளியில் பணம் கட்டுமுன் ஆசிரியர் பட்டியலைப் படிக்கும் முறை

வீடியோ கேம் உருவாக்கம் கற்றுத்தரும் நிறுவனங்களின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது ஆய்வகம்தான். வண்ண விளக்கு எரியும் விசைப்பலகைகள், வரிசையாகப் பெரிய திரைகள், சுவரில் ஒரு டிராகன். அதைப் பார்த்து மயங்கி முன்பணம் கட்டிவிட்ட பிறகுதான் பெரும்பாலான பெற்றோர் எனக்கு போன் செய்கிறார்கள். பெங்களூரில் ஒரு கேம் ஸ்டுடியோவில் நிரல் எழுதுகிறேன். வேலைக்கு வரும் புதியவர்களை நேர்காணல் செய்வதும் என் பொறுப்பில் உண்டு. ஒரே மென்பொருளை, ஏறக்குறைய ஒரே பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு வரும் இருவருக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே அடிக்கடி பார்க்கிறேன். யாரிடம் படித்தாய் என்று விசாரித்தால் பாதி விடை கிடைத்துவிடும். எனவே கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ஆசிரியர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

மேலிருந்து தொடங்குங்கள். முதல்வர், இயக்குநர், டீன் என்று எந்தப் பதவிப் பெயரில் இருந்தாலும் அவர் எங்கிருந்து வந்தவர் என்று பாருங்கள். நிரலாளரும் ஓவியரும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு செய்தாக வேண்டிய தொழில் இது. இரு தரப்புக்கும் தலைமையில் குரல் வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பொழுதுபோக்குத் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்து நிறுவியவர்கள் ராண்டி பாஷ், டான் மரினெல்லி என்ற இருவர். பாஷ் கணினி அறிவியல் பேராசிரியர். மரினெல்லி நாடகத் துறைக்காரர். அந்த மையத்தின் பேர்பெற்ற பாடம் ஒன்றில் மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து சில வாரங்களுக்குள் ஒரு மெய்நிகர் உலகத்தைச் செய்து முடிக்க வேண்டும். முடித்த கையோடு குழு கலைக்கப்படும். அடுத்ததை வேறு ஆட்களோடு தொடங்க வேண்டும். நாடக ஒத்திகையின் வாசனை அதில் நன்றாகவே அடிக்கிறது. கணினிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து யோசித்திருந்தால் இப்படியொரு பாடம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தலைமைக்குத் தொழிலோடு நேரடித் தொடர்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டிஜிபென் என்ற கேம் பள்ளி நல்ல உதாரணம். கிளோட் கொமேர் 1988இல் கனடாவின் வான்கூவரில் தொடங்கிய நிறுவனம் அது. ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையோடு சேர்ந்து கேம் நிரலாக்கப் படிப்பை வகுத்து, 1994இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 1998இல் வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டுக்கு வந்தது. நின்டெண்டோவின் அமெரிக்கத் தலைமையகமும் அதே ஊர்தான். அங்கே படித்த மாணவர்கள் 2005இல் 'நார்பாகுலர் டிராப்' என்ற சிறிய கேமைச் செய்தார்கள். சுவரில் வாசல் திறந்து வேறொரு சுவர் வழியாக வெளியே வரும் விளையாட்டு அது. அதைப் பார்த்த வால்வ் என்ற கேம் நிறுவனம் அந்தக் குழுவை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007இல் வெளியான 'போர்ட்டல்' அதே யோசனையிலிருந்து வளர்ந்ததுதான். மாணவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குழுவாக ஒரு கேமை முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும், முடித்ததைத் தொழில்காரர்கள் கண்ணில் படும்படி வைக்கும் வழியையும் பள்ளிதான் செய்துகொடுக்க முடியும்.

நம் நாட்டில் கேம் பிரிவின் தலைவர் திரைப்பட அனிமேஷனிலிருந்து வந்தவராக இருப்பது சகஜம். அதில் குற்றமில்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். திரைப்படத்துக்கு ஒரு சட்டகத்தை, அதாவது ஃபிரேமை, கணினி மணிக்கணக்கில் தீட்டலாம். கேமில் விநாடிக்கு 60 சட்டகங்கள் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லி விநாடி. அந்த நெருக்கடியைப் பாடத்திட்டத்தில் யார் கையாள்கிறார் என்று கேளுங்கள். ஒருவர் பெயரைச் சட்டென்று சொன்னால் நல்ல அறிகுறி. "எல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வரலாம்.

இனி ஆசிரியர்கள். 'பத்து ஆண்டு தொழில் அனுபவம்' என்ற வரியை அப்படியே விழுங்காதீர்கள். எந்த கேமில், என்ன வேலை? மோபிகேம்ஸ் என்ற இணையத்தளத்தில் கேம்களில் பணியாற்றியவர்களின் பெயர்ப் பட்டியல்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஆசிரியரின் பெயரைப் போட்டுத் தேடலாம். பெயர் இல்லையென்றால் உடனே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இங்கே கார்களையும் கட்டடங்களையும் மரங்களையும் முப்பரிமாணத்தில் செய்துகொடுத்த கலைஞர்கள் பலரின் பெயர் அந்தப் பட்டியல்களில் ஏறுவதே இல்லை. அது இந்தத் தொழிலின் பழைய வயிற்றெரிச்சல். அவர்களிடம் பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பேச வாய்ப்புக் கிடைத்தால் நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது: விளையாடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலரின் பேட்டரி தீர்ந்து இணைப்பு அறுந்தால் கேம் என்ன செய்ய வேண்டும்? பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கேம் கருவிகளில் கேம் வெளியிட்டவர் யோசிக்காமல் பதில் சொல்வார். கேம் அங்கேயே நிற்க வேண்டும், திரையில் அறிவிப்பு வர வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கருவிகளின் நிறுவனங்கள் தரச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடும். அந்தச் சோதனையில் அடிபட்டுத் திரும்பியவர்தான், முடிந்துவிட்டது என்று மாணவன் கொண்டுவரும் கேமில் இன்னும் எவ்வளவு வேலை பாக்கி என்று காட்டித்தர முடியும்.

பட்டியலில் கணித ஆசிரியர் இருக்கிறாரா? பெரும்பாலும் இருக்க மாட்டார். இருந்தால் அந்தப் பள்ளிக்கு என் கணக்கில் மதிப்பு கூடிவிடும். பிளஸ் ஒன்னில் வெக்டர்களின் புள்ளிப் பெருக்கத்தை மனப்பாடம் செய்து எழுதிய பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று யாரும் சொல்லியிருப்பதில்லை. நல்ல ஆசிரியர் கரும்பலகையில் ஒரு காவலாளியை வரைவார். அவன் பார்க்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி, அதாவது ஒரு வெக்டர். அவனிடமிருந்து திருடன் இருக்கும் திசைக்கு இன்னொன்று. இரண்டின் நீளத்தையும் 1 என்று ஆக்கிவிட்டுப் புள்ளிப் பெருக்கம் எடுத்தால், விடை 1 என்றால் திருடன் நேர் எதிரே நிற்கிறான்; 0 என்றால் சரியாகப் பக்கவாட்டில்; -1 என்றால் முதுகுக்குப் பின்னால். காவலாளியின் பார்வை இருபுறமும் 60 பாகை விரியும் என்றால், விடை 0.5க்கு மேல் போனதும் அவன் கத்தத் தொடங்க வேண்டும். இதை நிரலில் எழுதி, காவலாளி திரும்பிப் பார்ப்பதைத் திரையில் கண்ட மாணவன் அதன்பிறகு கணிதத்தைக் கண்டு ஓடமாட்டான். நேர்காணலில் நான் இந்தக் காவலாளியைப் பற்றித்தான் கேட்கிறேன். கருவிப்பெட்டியில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்பவர்களே நிறையப் பேர்.

அடுத்து, யாரும் தேடாத ஒரு பெயர்: குழுத் திட்டங்களை மேற்பார்வையிடும் ஆசிரியர். தொழிலில் தயாரிப்பாளர் என்பார்கள். எதை வெட்ட வேண்டும், யார் பின்தங்குகிறார், எந்தத் தேதிக்குள் எது தயாராக வேண்டும் என்பதெல்லாம் இவர் கவலை. இவர் இல்லாத பள்ளியில் ஐந்து பேர் குழுவில் ஒருவன் இரவெல்லாம் கண்விழித்து எல்லாவற்றையும் செய்வான். மற்ற நால்வரும் அதே கேமைத் தங்கள் பெயரில் காட்டுவார்கள். ஒவ்வொருவர் செய்த மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும் கிட், பெர்ஃபோர்ஸ் போன்ற மென்பொருளை முதல் ஆண்டிலேயே கட்டாயமாக்கியிருக்கிறார்களா, அதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். விளையாட்டுச் சோதனையை யார் நடத்துகிறார் என்றும் கேளுங்கள். அறிமுகமில்லாத ஒருவர் கையில் கேமைக் கொடுத்துவிட்டு, செய்தவன் வாயைத் திறக்காமல் பின்னால் நின்று பார்க்க வேண்டும். "அங்கே அழுத்துங்கள்" என்று அவன் நாக்கு துடிக்கும். பேச விடாமல் அடக்க ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் அது சோதனை.

கேமை உருவாக்க உதவும் அடிப்படை மென்பொருளை எஞ்சின் என்பார்கள். ஒரே எஞ்சின் மட்டும் தெரிந்த ஆசிரியர்கள் நிறைந்த பட்டியல் ஆபத்தானது. 2023 செப்டம்பரில், அதே பெயரில் எஞ்சினை வழங்கும் யூனிட்டி நிறுவனம், கேம் நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்ததும் உலகெங்கும் சிறு ஸ்டுடியோக்கள் கொதித்தன. சிலர் இலவசமான கோடோ எஞ்சினுக்கு மாறினார்கள். ஓராண்டு கழித்து அந்தக் கட்டணத்தையே யூனிட்டி கைவிட்டது. அந்த ஆண்டில் பாடத்தில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டால், தொழிலைக் கவனிக்கும் ஆசிரியர் யார், நோட்டுப் புத்தகத்தை ஒப்பிப்பவர் யார் என்பது தெரிந்துவிடும்.

மற்ற ஊழியர்களைப் பற்றிச் சுருக்கமாக. அட்மிஷன் கவுன்சிலர் என்பவர் விற்பனையாளர். மரியாதையாகப் பேசுங்கள்; பாடத்தைப் பற்றி அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டாம். வேலைவாய்ப்பு அலுவலரிடம் கடந்த ஆண்டு வேலைக்குப் போனவர்கள் எந்தப் பணியில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். கேம் படித்துவிட்டு கால் சென்டரில் உட்கார்ந்தவரையும் சில இடங்களில் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆய்வக உதவியாளர் இரவு எத்தனை மணி வரை இருப்பார் என்பது அற்பமாகத் தோன்றும். சமர்ப்பிக்கும் வாரத்தில் அவர்தான் தெய்வம்.

பட்டம் கொடுப்பது யார் என்பதையும் பார்த்துவிடுங்கள். பள்ளியின் பெயர் ஒன்று, சான்றிதழில் வரும் பல்கலைக்கழகத்தின் பெயர் வேறு என்பது சாதாரணம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். முதுகலை யோசிப்பவர்களுக்கு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் வடிவமைப்புப் படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கடைசியாக, பழைய மாணவர் யாரிடமாவது பேசச் சொன்னால் பள்ளி தானே பொறுக்கி வைத்திருக்கும் ஒருவரின் எண்ணைத் தரும். அதை விட்டுவிட்டு, இட்ச்.ஐஓ தளத்தில் அந்தப் பள்ளி மாணவர்கள் ஏற்றியிருக்கும் கேம்களைத் தேடி, அவற்றைச் செய்தவர்களில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவருக்கு நீங்களே எழுதுங்கள். போன பருவத்தில் பாதியில் வேலையை விட்டுப் போன ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பதிலாக யார் வந்தார்கள் என்று கேளுங்கள். சீனியர் மாணவரே ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்தார் என்று பதில் வந்தால் அந்தப் பள்ளிக்கு இந்த ஆண்டு பணம் கட்டாதீர்கள். பிள்ளை வீட்டிலிருந்தே கோடோவில் ஒரு சின்ன கேமைச் செய்து முடித்து அதே தளத்தில் ஏற்றட்டும். அடுத்த ஆண்டு எந்தப் பள்ளிக்குப் போனாலும் காட்டுவதற்கு அது இருக்கும்.