'கோஜிரா'வைத் திரையிட்டு ஆயுத ஆய்வின் அறத்தை விவாதிப்பது எப்படி?

ஆயுத ஆய்வின் அறம் குறித்துக் கல்லூரியிலோ திரைப்படச் சங்கத்திலோ விவாதம் நடத்த விரும்புவோருக்கு, இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா'வைவிடப் (ஆங்கிலத்தில் 'காட்ஸில்லா'; ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளால் கிளம்பிவரும் ராட்சத விலங்கின் கதை) பொருத்தமான பழைய படத்தை நான் அறியேன். ஜப்பானில் 1954 நவம்பர் 3 அன்று வெளியான, 96 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளை மூலப் படத்தையே தேடிப் பெறுங்கள். ரேமண்ட் பர் நடித்த காட்சிகளைச் சேர்த்து 1956இல் அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்பில், நாகசாகியில் உயிர்தப்பிய பெண் ரயிலில் பேசுவது போன்ற இன்றியமையாத பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன.

படத்துக்கு முன் சுருக்கமான அறிமுகம் போதும். 1954 மார்ச் 1 அன்று பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல், 'ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு' என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர்மீதும் படிந்ததையும், அவர்களில் ரேடியோக் கருவியை இயக்கிவந்த ஐகிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்ததையும் சொல்லிவிடுங்கள்.

இடையில் படத்தை நிறுத்த வேண்டாம். முடிந்தபின் விஞ்ஞானி செரிசாவா வரும் காட்சிகளை மட்டும் மீண்டும் போடுங்கள். அவர் மீன்தொட்டியில் ஒரு சிறு உருண்டையைப் போடும்போது முதலில் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணான எமிகோவின் அலறலை மட்டுமே காண்கிறோம். மீன்கள் வெறும் எலும்புகளாவதை அவள் பின்னர் நினைவுகூரும்போதுதான் படம் காட்டுகிறது. ஆக்சிஜனை ஆராயப்போய் இந்தப் பேரழிவு ஆற்றலைத் தற்செயலாகக் கண்டறிந்த அவர், நற்பயன் ஒன்று கிடைக்கும்வரை இதை வெளியிடுவதில்லை என்று உறுதிகொண்டிருக்கிறார். அந்த நேரத்திலேயே அவர் ஆய்வைக் கைவிட்டிருக்க வேண்டுமா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது குறிப்பேடுகளை எரிக்கும் காட்சிக்கு. தாள்களை எரித்தாலும் அறிவு தம் தலைக்குள் இருக்கிறதே, வற்புறுத்தப்பட்டால் என்ன செய்வது என்று அவர் அஞ்சுகிறார்; இறுதியில் கோஜிராவை அழிக்க அந்த ஆற்றலைக் கடலடியில் பயன்படுத்திவிட்டு, அங்கேயே தம் உயிர்க்கயிற்றைத் தாமே அறுத்துக்கொள்கிறார். பார்வையாளர்கள் இதைத் தியாகம் என்று போற்றிவிட்டு நின்றுவிடக்கூடும். அங்கே நிற்க விடாதீர்கள். நாளை வேறொருவர் அதையே கண்டுபிடிக்க மாட்டாரா என்றும், உலகுக்கே உரிய முடிவைத் தனியொருவர் எடுக்கலாமா என்றும் கேளுங்கள். கோஜிராவைப் பற்றிய உண்மையை மக்களிடம் மறைக்கக் கூடாது என்று பெண் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் வாதிடும் காட்சியை இதற்கு எதிரே வைத்தால், செரிசாவா நல்லவரா என்பதைத் தாண்டி, யாருக்கு எதை மறைக்கும் உரிமை உண்டு என்பதை நோக்கிப் பேச்சு நகரும்.