கோலச் சவாலில் முதல் தடவை சேருகிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

மார்கழி நெருங்கினால் போதும், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புகளில்) புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் சூடு பிடித்துவிடும். டிசம்பர் 16 வாக்கில் மாதம் பிறக்கும், பொங்கலுக்கு முதல் நாள் வரை தினம் ஒரு கோலம் என்பதுதான் சவால். முந்தின நாள் இரவே யாராவது ஓர் அக்கா தலைப்பைப் போட்டுவிடுவார்: ஒருநாள் 'தாமரை', ஒருநாள் 'ஒரே இழை', ஒருநாள் 'வண்ணமே கூடாது'. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் கைதேர்ந்தவர்கள் போட்ட படங்களைப் பார்த்ததும் நமக்கு வயிற்றைக் கலக்கும். கோலமாவைப் பிடித்தே பழக்கமில்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: புள்ளிக் கணக்கை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

தலைப்பு குழுவுடையது, அளவு உங்களுடையது. மாதம் முழுக்க ஒரே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் 7-1 நேர்ப்புள்ளி போதும்: நடுவரிசையில் 7, மேலும் கீழும் 5, 3, 1 என்று குறைந்துகொண்டே போகும், மொத்தம் 25 புள்ளி. ஊடுபுள்ளிதான் (இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி) பிடிக்கும் என்றால் 7-4 வையுங்கள்: நடுவில் 7, அப்புறம் இரு பக்கமும் 6, 5, 4, மொத்தம் 37. தாமரை, கிளி, குத்துவிளக்கு எல்லாம் இதற்குள் அடங்கும். எடுத்த எடுப்பிலேயே நடுவரிசையில் 21 புள்ளி வைத்து இறங்குகிறவர்கள் முதல் வாரம் தாண்டுவதற்குள் காணாமல் போய்விடுகிறார்கள்.

படி 2: மாவும் தரையும்

கடையில் பாக்கெட்டில் வரும் அரிசி மாவு பலகாரத்துக்கு நல்லது, கோலத்துக்குச் சரிப்படாது. ரொம்ப நைசாக இருப்பதால் நம் ஊர் ஈரத்துக்கு விரலிலேயே அப்பிக்கொள்ளும். பச்சரிசியை ரவைக்கும் மாவுக்கும் இடைப்பட்ட பதத்தில் அரைத்துக்கொள்ளுங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை எடுத்து, விரல்களை லேசாகத் தேய்த்தபடி கையை நகர்த்தினால் இழை சீராக விழும். வழவழப்பான மொசைக் வாசல் என்றால் காற்றடித்தாலே பொடி ஓடிவிடும். அங்கே அரிசியை ஊறவைத்து அரைத்துத் துணியில் நனைத்துப் போடும் மாக்கோலம்தான் நிற்கும். சாக்பீஸில் போட்டாலும் குற்றமில்லை, குழுவில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தீபாவளிக்குப் பேரங்காடிகளில் போடும் வண்ண அரிசிக் கோலத்தை மட்டும் இந்த மாதத்தில் தொடாதீர்கள், அரிசிக்குச் சாயம் ஏற்றி உலர்த்துவதற்கே ஒரு நாள் போய்விடும்.

படி 3: தலைப்பைப் புள்ளிக்குள் உட்கார வைப்பது

சவாலில் சுவையே இங்கேதான். தலைப்பு வந்ததும் யூடியூபைத் திறக்காதீர்கள், திறந்தால் அதைத்தான் போடுவீர்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 25 புள்ளியை வைத்துவிட்டு, தலைப்பில் உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று யோசியுங்கள்.

'தோட்டம்' என்று தலைப்பு வந்ததாக வைத்துக்கொள்வோம். நடுவில் மேலிருந்து கீழாக நிற்கும் ஏழு புள்ளியும் ஒரு கித்தா (ரப்பர்) மரம். பால் வெட்டின கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சாய்ந்து இறங்கும், அதன் முனையில் பால் பிடிக்கும் ஒரு சின்ன மங்கு (கிண்ணம்). இரு பக்கமும் ஒன்பது ஒன்பது புள்ளி மிஞ்சுகிறது. கித்தா இலை ஒரு காம்பில் மூன்று மூன்றாக வருவது, ஆக ஒரு பக்கத்துக்கு மூன்று கொத்து, புள்ளி ஒன்றுகூட வீணாகாமல் அமைந்துவிடும். எந்தக் காணொளியிலும் இது இருக்காது, ஆனால் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டி பார்த்தால் வெட்டு சரியான பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்!

படி 4: 'ஒரே இழை' நாள்

பலர் பயந்து ஒதுங்குவது இந்த நாளில்தான். சிக்குக் கோலத்தில் இழை புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக ஓடி, ஓரப் புள்ளியைச் சுற்றித் திரும்பும். அப்படிக் கட்டமாகப் புள்ளி வைத்துப் பின்னினால் எத்தனை இழை வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: வரிசை எத்தனை, ஒரு வரிசைக்குப் புள்ளி எத்தனை என்று பாருங்கள், இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை இழை. 4க்கு 4 வைத்தால் நான்கு தனித்தனி இழை, 4க்கு 6 என்றால் இரண்டு. 3க்கு 4 வையுங்கள், தொடங்கின இடத்துக்கே ஒரே இழையாக வந்து சேரும். கை பழகியதும் 5க்கு 6. அன்று மட்டும் உங்கள் 7-1 கணக்கை விட்டுவிடலாம்.

படி 5: படம்

நம் ஊரில் விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். தோட்டத் தொழிலாளர்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த காலத்தில் பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போகுமுன் இருட்டிலேயே கோலம் முடிந்துவிடுமாம், அவர்களுக்குப் படம் எடுக்கிற கவலை இல்லை. நீங்கள் ஏழரை வரை பொறுங்கள், நாற்காலி மேல் ஏறி நேர்மேலிருந்து எடுங்கள், ஃபில்டர் வேண்டாம்.

படி 6: குழுவில் நடந்துகொள்வது

படத்தோடு புள்ளிக் கணக்கையும் எழுதுங்கள். மற்றவர் கோலத்துக்குக் கட்டைவிரலை மட்டும் தட்டிவிட்டுப் போகாமல், "அக்கா, அந்த மூலை வளைவை எப்படி முடித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், மறுநாளே அவர் கை ஓடுவதைப் படம் பிடித்து அனுப்புவார், நூறு காணொளியில் கிடைக்காதது அதில் கிடைக்கும். அடுத்தவர் வடிவத்தைப் போட்டால் யாருடையது என்று சொல்லிவிடுங்கள். மழை, காய்ச்சல், அதிகாலை ஷிஃப்ட் என்று நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம், அப்படித் தொடங்கினால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். விட்டது விட்டதாகவே இருக்கட்டும், அன்றைய தலைப்பை எடுங்கள்.