சீஸ்மிக் ரிஃப்ராக்ஷன்: நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்

தரையில் அடித்து, அந்த அலை ஜியோபோன்களுக்கு (தரையில் ஊன்றும் அதிர்வு உணரிகள்) முதலில் வந்து சேரும் நேரத்தை வைத்து, அடியில் பாறை எவ்வளவு ஆழத்தில் என்று கணிப்பதுதான் சீஸ்மிக் ரிஃப்ராக்ஷன். இதில் கேபிளை மாற்றிச் செருகுவது, ஜியோபோனைச் சாய்த்து ஊன்றுவது எல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும். புதிதாகச் சேர்ந்த இருவரின் அறிக்கையைப் போன மாதம் பார்த்தேன். என் பழைய தவறு அப்படியே இருந்தது.

இரண்டு முறை ஒத்துப்போனால் போதும் என்று நம்புவது

பாலாற்றுக் கரையில் ஒரு சிறு பாலம். மேலே மணல், அடியில் சார்னோக்கைட் பாறை. முதல் வருகை நேரத்தைத் தூரத்துக்கு எதிராக வரைந்த நேர-தூர வரைபடத்தில் இரண்டே கோடுகள்; அவை காட்டிய அலை வேகம் நொடிக்கு 400 மீட்டர், 5000 மீட்டர். இடைவெட்டு நேரத்தை (இரண்டாம் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நேர அச்சை வெட்டும் புள்ளி) வைத்துக் கணக்கிட்டால் பாறை 4.8 மீட்டரில். இரு முனைகளிலும் அடித்த நேரங்களைக் கூட்டிக் கழிக்கும் பிளஸ்-மைனஸ் முறையும் அதையே சொன்னது. "இரு முறைகளும் உறுதி செய்கின்றன" என்று எழுதிக் கொடுத்தேன். துளை போட்டபோது பாறை 7 மீட்டரில் கிடந்தது. அடித்தள வரைபடம் முழுவதையும் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

காரணம் இதுதான்: நடுவில் 3 மீட்டர் நீர் ஊறிய மணல், வேகம் 1500. சுமார் 10 மீட்டர் தூரம் வரை மேல்மணலில் நேரே ஓடும் அலை முந்துகிறது. அதைத் தாண்டினால் பாறையைத் தொட்டு வரும் அலை முந்துகிறது. நடு அடுக்கின் அலை எந்த ஜியோபோனுக்கும் முதலில் வந்து சேராது. இந்த வேகங்களில் அது 3.3 மீட்டருக்கு மேல் தடித்தால்தான் கோட்டில் தலைகாட்டும்.

இரு முறைகளுக்கும் தீனி அதே முதல் வருகை நேரங்கள்தான். பிறகு ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? நிலத்தடி வேகங்களைக் கணினியில் படமாக வரையும் டோமோகிராபிக்கும் அதே தீனிதான். எல்லையை வண்ணத்தில் குழைத்து வேறு காட்டும். யாராவது அந்தப் படத்தை நீட்டி "சார், இது புது மென்பொருள்" என்று சொல்லும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

ஐம்பதடி தள்ளி ஒரு வயல் கிணறு இருந்தது. தண்ணீர் 4 மீட்டரில். தினமும் அதைக் கடந்துதான் போனேன், எட்டிப் பார்க்கவில்லை. அந்த 4 மீட்டரை வைத்து நடு அடுக்கையும் சேர்த்து அதே நேரங்களை மறுபடி கணக்கிட்டால், சரியாக 7 மீட்டர் வருகிறது.

கடின மேலோடு, அடியில் களிமண்

லேட்டரைட் (செம்புரைக்கல்) பகுதிகளில் இது சகஜம். கீழே வேகம் குறைந்தால், எல்லையை ஒட்டி ஓடித் திரும்பும் விலகல் அலையே எழாது. பாறை உள்ளதைவிட ஆழமாகத் தெரியும். எம்.ஏ.எஸ்.டபிள்யூ. (மேற்பரப்பு அலைகளை வைத்து அடுக்குகளை அறியும்) சோதனையும் ஒரு துளையும் கேளுங்கள்.

ஒரு முனையில் மட்டும் அடிப்பது

மேலே வேகம் 500, கீழே 2000, அடுக்கின் சரிவு வெறும் 5 பாகை. ஒரு முனையில் அடித்தால் 1500 காட்டும், மறுமுனையில் 3000.

1500 வந்தால்

நீர் ஊறிய மணலும் இதே வேகம்தான் காட்டும்; முதலில் நீர்மட்டத்தைக் கேளுங்கள்.