பழைய 7 இன்ச் டேப்லெட் திணறுகிறதா?

அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டைப் போன வாரம் எடுத்துச் சார்ஜ் போட்டேன். ஐகானைத் தட்டினால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் திறக்கிறது. ராம் வெறும் 1 ஜிபி. 2012-ல் வந்த கூகுளின் நெக்ஸஸ் 7 டேப்லெட்டிலும் அவ்வளவுதான் இருந்தது, அன்றைக்கு அது தாராளம், இன்றைய ஆப்களுக்குப் பத்தாது.

முதலில் ஸ்டோரேஜைப் பாருங்கள். போட்டோவும் வீடியோவும் விளிம்பு வரை அடைத்துக்கொண்டால் எழுதும் வேகம் படுத்துவிடும், ஏனென்றால் ஃபிளாஷ் மெமரியில் புதிதாக எழுதுவதற்கு முன்னால் பழைய பிளாக்கை (தரவு கிடக்கும் பகுதியை) அழித்தாக வேண்டும், அதற்குக் காலி இடம் தேவை. ஒன்றரை, இரண்டு ஜிபியாவது சும்மா கிடக்கட்டும். மெமரி கார்டு போட வழியிருந்தால் படங்களை அதற்கு மாற்றிவிடலாம் (நெக்ஸஸ் 7-ல் அந்த வசதியே கிடையாது).

அப்புறம் செட்டிங்ஸில் ‘அபௌட் டேப்லெட்’ போய், ‘பில்ட் நம்பர்’ வரியை 7 தடவை தட்டுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, அப்படித்தான் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற, ஆப் உருவாக்குபவர்களுக்கான மறைவான செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். அதில் விண்டோ, ட்ரான்சிஷன், அனிமேட்டர் என்று மூன்று அனிமேஷன் அளவுகள் 1 என்று இருக்கும், மூன்றையும் 0.5 ஆக்குங்கள். பிராசஸர் ஒன்றும் வேகமாகிவிடாது, ஆனால் திரை மாறும் நேரம் பாதியாகும், விரலுக்கு அது நன்றாகவே தெரியும். அங்கே மற்ற எதையும் நோண்ட வேண்டாம்.

ஒன்று மட்டும்: பின்மூடி லேசாக உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் இடுக்கு விழுந்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், நேராகப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.