கற்பனைப் பாலைவனத்தில் மக்களைக் குடியேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தமிழில் கதை எழுதத் தொடங்கும் இளையவர்கள் என்னிடம் வாசிக்கத் தருகிற பிரதிகளில் பாலைவன மக்கள் அடிக்கடி வருகிறார்கள். பெயர், கடவுள், வாள், போர்முறை எல்லாவற்றையும் ஆசை ஆசையாகப் படைத்திருப்பார்கள். ஆனால் இந்தச் சனம் எந்தத் தண்ணீரைக் குடித்து இத்தனை தலைமுறையாக உயிரோடு இருக்கிறது என்று கேட்டால் கதைக்குள் பதில் இருக்காது.

இந்தத் தவறுகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாலைவனத்தை அதைக் கடந்து போகிறவரின் கண்ணால் எழுதுகிறோம். அங்கேயே பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே பேரப்பிள்ளை காண்கிறவர்களின் கண்ணால் எழுதுவதில்லை.

கொழும்பு வெக்கையை அங்கே கொண்டுபோவது

கதாநாயகன் மணலில் நடக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டுகிறது, நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுகிறது. இது ஏப்ரல் மாதத்தில் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறவனின் உடம்பு. கொழும்புக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிகிறது. பாலைவனக் காற்று அப்படி இல்லை. வியர்வை தோலுக்கு வந்த கையோடு ஆவியாகிவிடும். சட்டை பெரும்பாலும் நனையாது, உப்புத்தான் வெள்ளையாகப் படியும். கடும் வெயிலில் உழைக்கிற ஒருவர் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் நீரை இழக்கலாம். நனையாததால் இழந்தது அவருக்கே தெரியாது. தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே பிந்தியிருக்கும்.

பாலைவன வழக்கங்கள் பலவற்றுக்கு விதை இங்கேதான் கிடக்கிறது. தன் உடம்பு சொல்லாததை அடுத்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் கற்பனை மக்களிடம் மூத்த பெண்கள் பிள்ளைகளைக் கண்டதும் முதலில் உதட்டைப் பார்க்கலாம், “ஒண்டுக்குப் போனியா, என்ன நிறம்?” என்று கேட்கலாம். கூச்சமில்லாமல் ஊர் நடுவில் கேட்கப்படும் சாதாரண நலவிசாரிப்பு அது. தனியாகப் பயணம் போவது அங்கே வீரமாக இருக்காது, பொறுப்பில்லாத செயலாக இருக்கும். இப்படி ஒரு சின்ன வழக்கம், பத்துப் பக்கப் போர்க்காட்சியை விட அந்த மக்களை நம்ப வைக்கும்.

உடுப்பிலும் இதே பிழைதான். வெயில் என்றதும் பாத்திரங்களை அரை நிர்வாணமாக நடக்க விடுகிறோம். உண்மையில் பகல் வெயிலில் அலைகிற பாலைவன மக்கள் பலரும் தலை முதல் கால் வரை தளர்வாக மூடிக்கொள்கிறார்கள். சினாய், நெகேவ் பகுதிகளில் நாடோடிகளாக வாழ்ந்த அரபு மக்களான பெதூயின்களில் பலர் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஓர் ஆய்வு, 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை வாங்குகிறது. ஆனால் அங்கி தளர்வாக இருப்பதால் உள்ளே ஓடும் காற்று அந்த வெப்பத்தைத் தோலுக்குப் போக விடாமல் வெளியே தள்ளிவிடுகிறது. கறுப்பு அங்கி அணிந்தவரின் தோலும் வெள்ளை அங்கி அணிந்தவரின் தோலும் வாங்கிய வெப்பம் ஒன்றாகவே இருந்தது.

வியர்வையை அப்படியே பிடித்துத் திரும்பக் குடிக்க வைக்கும் உடைகளும் கதைகளில் நிறைய வருகின்றன. எழுதக் கூடாது என்றில்லை. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாவதால்தான். ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அந்த ஆவியை உடைக்குள்ளேயே மறுபடி நீராக்கினால் அத்தனை வெப்பமும் உடைக்குள்ளேயே திரும்பி வரும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் நீங்கள் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பங்கிட்டுச் சேமிக்கும் வீரர்கள். குடுவையில் இருக்கும் நீர் உடம்பைக் காப்பாற்றாது, உள்ளே போன நீர்தான் காப்பாற்றும். சேமிக்க வேண்டியது வியர்வையை. அதனால்தான் அங்கே நண்பகலில் அசையாமல் நிழலில் கிடப்பதும், வேலையையும் பயணத்தையும் இரவுக்கு மாற்றுவதும். இரவுக்கு மாற்றினால் குளிரும் கதைக்குள் வர வேண்டும். குளிர்காலத்தில் சகாராவிலும் தார் பாலைவனத்திலும் இரவு வெப்பநிலை பூச்சியம் வரை இறங்குவதுண்டு. இரவுக் குளிருக்கு வழி செய்துகொள்ளாத பாலைவன மக்கள் என்று யாரும் கிடையாது.

பாலைத் திணையைப் பாலைவனம் என்று எடுத்துக்கொள்வது

இது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய தவறு, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சங்கப் பாலை மணற்கடல் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் வறண்டு திரிந்த நிலம் அது. அங்கே ஓமை மரமும் இருப்பையும் நிற்கும், யானை வரும், செந்நாய் வரும், எயினர் ஊர் இருக்கும், கொற்றவை கோயில் இருக்கும். மழை பெய்தால் நிலம் பழையபடி பசுமையாகிவிடும்.

பாலைப் பாடல்கள் பாடுவது, அதாவது அவற்றின் உரிப்பொருள், காதலர் பிரிவதை. பொருள் தேடிப் போகிறவன் அந்த வழியைக் கடக்கிறான், வீட்டில் இருக்கிறவள் அவன் படும் துன்பத்தை நினைத்து வருந்துகிறாள். அழகான கவிதைகள், எனக்கு உயிர். ஆனால் அங்கே பேசுகிற குரல்கள் பெரும்பாலும் அந்த நிலத்துக்கு வெளியே இருப்பவர்களுடையவை. வழியில் அம்பெய்து பொருள் பறிக்கும் மறவனின் மனைவி அன்றைக்கு என்ன சமைத்தாள் என்று அந்தக் குரல்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. உங்கள் கதைக்கு வேண்டியது அவளுடைய அடுப்பு.

நம்முடைய மணற்காட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களும் உண்டு. வடமராட்சியின் அந்த மணற்குன்றுகள் வடிவானவை. ஆனால் வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெய்கிற நிலத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். கொழும்பில் 2,400 மில்லிமீற்றர் அளவில் கொட்டுகிறது. இலங்கையின் மிக வறண்ட கரைகளிலும்கூட அந்த 250ஐப் போலச் சில மடங்கு பெய்கிறது. மணல் இருந்தால் மட்டும் பாலைவனம் ஆகிவிடாது. உலகப் பாலைவனங்களில் மணல் மூடிய பரப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், மீதி கல்லும் பாறையும் உப்பும் பனியும். அண்டார்க்டிக்காதான் எல்லாவற்றிலும் பெரிய பாலைவனம்.

சின்னப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. உடல் எடையில் கால்வாசி அளவு நீரை இழந்தும் அது தாங்கும், பிறகு ஒரே மூச்சில் நூறு லீற்றர் அளவு குடித்துவிடும். அமெரிக்கக் கண்டத்துச் சப்பாத்திக் கள்ளி வகைகளை அரேபியாவைப் போன்ற ஒரு நிலத்தில் நட்டுவைக்காதீர்கள். நம் ஊர்க் கள்ளியை வெட்டிப் பாத்திரத்துக்குக் குடிக்கக் கொடுத்தால் அதன் பால் நஞ்சு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமல் பண்பாட்டைப் படைப்பது

இதுதான் பெரிய தவறு. பாலைவன மக்கள் என்ற ஒரே மாதிரியான மக்கள் இல்லை. கிணற்றை நம்பும் மக்கள், ஓடையை நம்பும் மக்கள், மூடுபனியை நம்பும் மக்கள் ஆகியோர் வேறு வேறு சட்டமும் வேறு வேறு பயமும் உள்ளவர்கள்.

ஓமானின் பலஜ் என்ற நீர்வழியைப் பாருங்கள். மலையடி நிலத்தடி நீரைச் சுரங்கம் வழியே, சரிவு மட்டும் வைத்து, எந்த இயந்திரமும் இல்லாமல் ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். 3,000 அளவில் இன்னமும் பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. வாய்க்கால் ஊருக்குள் நுழைகிற இடத்தில் முதலில் குடிநீர் எடுப்பார்கள். குளிப்பதும் கழுவுவதும் அதற்குக் கீழே. அதற்கும் கீழே பேரீச்சந் தோட்டம், கடைசியில் பருவப் பயிர். வயலுக்கான நீரை நேரத்தால் பங்கிட்டார்கள். பகலில் நட்ட கோலின் நிழலைப் பார்த்தும், இரவில் நட்சத்திரம் எழுவதைப் பார்த்தும் முறை மாற்றினார்கள்.

இப்படி ஓர் ஊரைக் கற்பனையில் வைத்தால் வழக்கங்கள் தாமாகவே வந்து விழும். நேரம் பார்க்கத் தெரிந்தவர் அங்கே பெரிய மனிதர். இரவு மேகம் மூடி நட்சத்திரம் தெரியாவிட்டால் சண்டை வரும், அதைத் தீர்க்க ஒருவர் இருப்பார். மகளுக்குச் சீதனமாகக் காணி கொடுத்தால் பயனில்லை, அரை மணி நேர நீர் கொடுக்க வேண்டும். மேல்வாய்க்காலில் கால் நனைப்பது கொலைக்கு அடுத்த குற்றம். சுரங்கத்துக்குள் இறங்கித் தூர் வாருகிற குடும்பம் ஊரில் தாழ்ந்ததா உயர்ந்ததா? இதற்கு நீங்கள் சொல்லும் பதிலிலேயே ஒரு நாவல் இருக்கிறது.

மூடுபனியை நம்பும் மக்களை எடுத்தால் எல்லாமே மாறும். சிலியின் அட்டகாமாக் கரைப்பக்கம் மேட்டில் வலை கட்டிப் பனிநீர் பிடித்திருக்கிறார்கள். அந்த ஊரில் நேரம் பார்க்கிறவரை விட வலை பின்னுகிறவர் முக்கியம். வலையைக் கிழித்தவனுக்குத் தண்டனை, கடற்காற்றுக்குப் பூசை, விடியற்காலையில் வலைப்பக்கம் சத்தம் போட்டுக் கதைக்கக் கூடாது என்று ஒரு விலக்கு. சாம்பல் நிற வானம் அவர்களுக்கு நல்ல சகுனம்.

நீர் குறைவது சமயச் சடங்கையும் மாற்றும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவித் தொழுகைக்குத் தயாராகும் தயம்மும் முறை இஸ்லாத்தில் இருப்பதைக் கொழும்பில் நம் முஸ்லிம் நண்பர்கள் யாரும் சொல்வார்கள். கங்கைக் கரைச் சடங்குகளை அப்படியே பாலைவனக் கோயிலுக்குள் கொண்டுபோய், தேவிக்குக் குடம் குடமாக அபிஷேகம் செய்யும் கதைகளை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. அத்தனை நீரையும் யார் சுமந்தார்கள்?

கொடூரம்தான் கட்டுப்பாடு என்று நினைப்பது

வறண்ட நிலம் என்றால் மனமும் வறண்டிருக்கும் என்பது வெளியாரின் ஊகம். பெதூயின் மரபில் வந்த விருந்தாளிக்கு மூன்று நாள் உணவும் காவலும் உண்டு. பகையாளியானாலும் கூடாரத்துக்குள் வந்துவிட்டால் காக்க வேண்டும். நல்ல மனசு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. அடுத்த மாதம் வழி தவறி வந்து நிற்பவர் நீங்களாக இருக்கலாம். விருந்தோம்பல் அங்கே எல்லோரும் போட்டுவைக்கிற சீட்டுக்காசு.

மரத்துக்கும் இதே மதிப்பு. தார் பாலைவனத்து விஷ்ணோயி மக்களின் நெறி 1485இல் தொடங்கியது. 1730இல் ஜோத்பூருக்குப் பக்கத்திலுள்ள கேஜர்லியில், அரசனின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது மரங்களைக் கட்டிப்பிடித்து 363 பேர் உயிர் கொடுத்தார்கள். அந்த மரம் நமக்குத் தெரிந்த வன்னி மரம்தான். நிழலும், தீவனமும், உண்ணக் காயும் தருகிற ஒரே மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெண்களை அடக்கிவைப்பதைப் பாலைவனத்தின் இயல்பு போல எழுதுவதும் வேண்டாம். சகாராவின் துவாரெக் மக்களில் முகத்திரை அணிவது ஆண்கள். 1344இல் நம் கொழும்புக்கும் வந்து போன மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, 1352இல் சகாராவைக் கடந்து அதன் தென்விளிம்பிலுள்ள வலாத்தா என்ற வணிக ஊரை அடைந்தபோது, அங்கே சொத்து சகோதரியின் மகனுக்குப் போவதைக் கண்டு திகைத்திருக்கிறார். மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமுறையை அறிந்தவர்களுக்கு அதில் திகைக்க ஒன்றுமில்லை.

அதே பயணத்தில் அவர் குறித்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். வலாத்தாவுக்கு முந்திய நீண்ட வறண்ட பகுதியில், வணிகக் கூட்டம் மஸூஃபா இனத்து ஒருவரைத் தனியாக முன்னே அனுப்பும். அவரைத் தக்ஷீஃப் என்பார்கள். அவர் கடிதங்களோடு போய்ச் சேர்ந்தால் ஊரார் தண்ணீரோடு நான்கு இரவுத் தூரம் எதிரே வருவார்கள். வழியில் அவர் இறந்தால் கூட்டத்தில் பலரும் இறப்பார்கள். இப்னு பதூதாவின் கூட்டம் கொடுத்த கூலி நூறு மிஸ்கால் தங்கம். தனியே போகிறவனோடு அந்தப் பாலையின் பேய்கள் விளையாடி வழி மாற்றிவிடும் என்ற நம்பிக்கையையும் எழுதியிருக்கிறார். வழிகாட்டிக்கு ஒரு கண் இல்லை, மற்றக் கண்ணும் நோய்ப்பட்டது, ஆனாலும் வழி அவருக்குத்தான் எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்திருந்ததாம்.

தொழில், கூலி, ஆபத்து, பேய் எல்லாம் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தாகத்தில் புத்தி தடுமாறுவது உண்மை, பேய் அதற்கு ஊர் வைத்த பெயர். நாம் படைக்கிற பேய்களும் இப்படி ஒரு வேலையிலிருந்து பிறந்தால்தான் நிற்கும்.

கேட்க ஆள் இருந்தும் கேட்காமல் விடுவது

கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் தெமட்டகொடையிலும் சவூதி, குவைத் போய் உழைத்து வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பாலைவனத்துக் குடிகளாக இருக்கவில்லை, வீடுகளிலும் வண்டிகளிலும் தளங்களிலும் வேலை செய்தார்கள். ஆனாலும் உலர்ந்த காற்றில் மூக்கில் இரத்தம் வருவதும், கோடையில் குளிர்நீர்க் குழாயைத் திறந்தாலும் சுடுநீர் வருவதும், தூசிப் புயலுக்குப் பிறகு சோற்றில் பல் கடிக்கும் மணலும் அவர்களுக்குத் தெரியும். பிளேன்டீ ஒன்றோடு உட்கார்ந்து கேளுங்கள். எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டால் சரியான சூடு என்பார்கள். எத்தனை மணிக்கு உடுப்புக் காயப்போட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் காய்ந்தது, தூசி வரப்போகிறது என்று எப்படித் தெரிந்தது, முதல் மழைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

மழையைப் பற்றிக் கேட்டால் முழுப் பதிலையும் கேளுங்கள். அங்கே மழை கொண்டாட்டமும்தான், ஆபத்தும்தான். காய்ந்த ஆற்றுத் தடத்தில் தொலைவில் பெய்த மழை திடீரென்று சுவராக வரும். சகாராவில் அலைந்து எழுதிய இசபெல் எபர்ஹார்ட் 1904இல் இறந்தது அல்ஜீரியாவின் அயின் செஃப்ராவில், வெள்ளத்தில். ஆகவே உங்கள் மக்கள் கூடாரம் அடிக்கும் காட்சியில், மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அவர்களை ஆற்றுத் தடத்தில் படுக்க வைக்காதீர்கள். மேட்டில், கல் குத்தினாலும், மேட்டில்தான்.