தொடக்கப்பள்ளியில் கற்றல் இலக்கு வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுத் திட்டம் எழுத உட்காரும்போது பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் புரட்டுவது பாடநூலின் பொருளடக்கத்தை. இந்த மாதம் மூன்று பாடம், அடுத்த மாதம் இரண்டு என்று பிரித்ததும் இலக்கு வகுத்தாயிற்று என்ற நிறைவு வந்துவிடுகிறது. ஆனால் அது பாடத்தை நடத்தி முடிப்பதற்கான கணக்குதான். குழந்தை எதைச் செய்யக் கற்றிருக்க வேண்டும் என்பது அதில் எங்கும் இல்லை. மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

அடுத்தது, சோதித்துப் பார்க்க முடியாத இலக்கு. 'மாணவர்கள் கழித்தலைப் புரிந்துகொள்வர்' என்று எழுதிவிடுகிறோம். புரிந்ததா என்று எப்படித் தெரியும்? 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தைகளை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டுவிடும். அதே குழந்தை 58-இலிருந்து 27-ஐக் கழித்து 31 என்று சரியாக எழுதும். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளாகவே தேர்வில் வந்தால் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். இலக்கு நிறைவேறியதாகப் பதிவேட்டிலும் ஏறிவிடும். 'ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கிக் கழிக்கும். அதைக் குச்சிக் கட்டுகளை வைத்துச் செய்துகாட்டும்' என்று இலக்கு இருந்திருந்தால் இந்தக் குழப்பம் முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும்.

இலக்குக்கு ஏற்ற வினைச்சொல்லைத் தேட, 1956-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு இன்றும் உதவுகிறது. 2001-இல் திருத்தப்பட்ட வடிவில் அது நினைவுகூர்தலில் தொடங்கிப் படைத்தலில் முடிகிறது. அதையே வகுப்பு வாரியான படிக்கட்டாக எடுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் போதும் என்று நிறுத்துவது பெரிய அநியாயம். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கும் இரண்டு கதைகளை ஒப்பிட்டு, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று சொல்ல முடியும்.

இலக்குகளை அடுக்கிக்கொண்டே போவதும் வேண்டாம். ஒரு பாடத்துக்குப் பன்னிரண்டு இலக்கு எழுதினால் எதையும் யாரும் சோதிப்பதில்லை.

ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தனித்தனியே எழுதுவது இன்னொரு சிக்கல். சமமாகப் பங்கிடுவது கீழ் வகுப்பில் உறுதிப்படாமல் பின்னத்தை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் நிற்காது. மேல், கீழ் வகுப்பு ஆசிரியர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

'வகுப்புச் சராசரி 80' என்பதை இலக்காக வைக்கும் பள்ளிகளும் உண்டு. ஓர் அளவீட்டை வைத்து எவ்வளவுக்கு முடிவுகள் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு அந்த அளவீடே திரிந்துபோகும் என்று 1970-களிலேயே எச்சரித்தார் உளவியலாளர் டொனால்ட் கேம்பல். சராசரி உயர்ந்த வகுப்பிலும் வாசிக்கத் தெரியாத நான்கு பேர் கடைசி வரிசையில் இருக்கலாம்.

அந்த நான்கு பேருக்கு இலக்கையே குறைத்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 'இவனுக்கு எழுத்துக்கூட்டினால் போதும்' என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட்டால், அவனுக்கு அதற்குமேல் யாரும் கற்றுத்தரப் போவதில்லை. அறிமுகமில்லாத பத்தியைத் தானே வாசித்துச் சொந்த வார்த்தைகளில் சொல்வதே அவனுக்கும் இலக்காக இருக்கட்டும். மாற வேண்டியது அவகாசமும் வழியும்: சின்னப் பத்தி, பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆள், வாரத்துக்கு இரண்டு முறை கூடுதலாகப் பத்து நிமிடம்.